பழைய மோட்டார் இயந்திரத்துக்கு ஏற்ற தீப்பொறிச் செருகியைத் தெரிதல்

யாழ்ப்பாணத்து உதிரிப்பாகக் கடையொன்றிற் சென்று பழைய காருக்குப் பிளக் வேண்டுமென்று கேட்பவரைக் கடைக்காரர் வினவுவது "எந்தக் கார்?" என்பதே. "மொறிஸ் மைனர்" என்று விடை கூறினால் நான்கு பிளக்குகள் கைக்கு வந்துவிடும். இங்கே வினாவும் போதாது, விடையும் போதாது. மொறிஸ் மைனர் என்னும் ஒரே பெயரோடு 1948 முதல் 1971 வரை வெளிவந்த வண்டிகளில் நான்கு வகை இயந்திரங்கள் பூட்டப்பட்டிருந்தன. முதலில் வந்தது 918 கன சென்றிமீற்றர் கொள்ளளவுடைய பக்கவால்வு இயந்திரம். அதன்பின் 1952 இல் 803, 1956 இல் 948, 1962 இல் 1098 கன சென்றிமீற்றர் கொள்ளளவுடைய மேல்வால்வு இயந்திரங்கள் முறையே வந்தன. பக்கவால்வு இயந்திரத்தில் பிளக்கின் புரி அரை அங்குல நீளமானது. ஏனைய மூன்றிலும் முக்கால் அங்குலம். ஆயின் புரியின் விட்டமோ நான்கிலும் 14 மில்லிமீற்றரே. ஆகவே பிழையான பிளக்கும் எவ்விதத் தடையுமின்றி உள்ளே சென்று இறுகிவிடும். அது பிழையென்பதை விரல் உணர்த்தாது. பின்னர் இயந்திரமே உணர்த்தும்.

அரை அங்குலத் துளையில் முக்கால் அங்குலப் பிளக்கை இட்டால் கால் அங்குலப் புரி தகனவறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். வால்வின் தலையோ பிஸ்ரனின் தலையோ மேலே வரும்பொழுது அதனை மோதக்கூடும். மோதாது தப்பினும், நீட்டிநிற்கும் புரியிற் கரி படிந்து கல்லாய் இறுகும். பின்னர் பிளக்கைக் கழற்றும்பொழுது இயந்திரத் தலையின் புரியையும் அது உராய்ந்து கொண்டே வெளிவரும். மறுதலையாக, முக்கால் அங்குலத் துளையில் அரை அங்குலப் பிளக்கை இட்டால், பொறி தகனவறையிலே தோன்றாது துளையின் குகைக்குள்ளே தோன்றும். கலவை மந்தமாக எரியும். வெறுமையாய் விடப்பட்ட புரியிலே கரி நிறையும். சரியான பிளக்கைப் பின்னர் இட முயன்றால் அது இறுதிவரை செல்லாது. புதிய இயந்திரத் தலையைக் கடையில் வாங்கலாம் என்ற நிலை இவ்வண்டிகளுக்கு இல்லாதபடியால், சில நூறு ரூபாய்ப் பொருளொன்று பரம்பரையாய் வந்த வண்டியையே முடக்கிவிட வல்லதாகின்றது.

எனவே இப்பொருளில் இருவகைக் கேள்விகளைப் பிரித்தறிதல் வேண்டும். புரியின் விட்டம், புரியின் நீளம், பிளக் அமரும் இடம் தட்டையானதா சரிவானதா என்பன கைநூலின் ஆட்சிக்குரியவை. இவற்றில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. போருக்கு முந்திய வண்டிகள் பலவற்றில் 18 மில்லிமீற்றர்ப் பிளக்குகள் இடம்பெற்றன. ஒஸ்ரின் ஏ-40 வண்டிக்கு 14 மில்லிமீற்றர் விட்டமும் முக்கால் அங்குல நீளமும் உரியன. கைநூல் தொலைந்துவிட்டதாயின், கழற்றிய பழைய பிளக்கை அளவுகோலாகக் கொள்ளுதல் ஆபத்தானது. அது முன்னவர் செய்த பிழையாயும் இருக்கலாம். மெல்லிய கம்பியொன்றின் நுனியைச் சிறிது வளைத்துத் துளைக்குள் விட்டு, புரி முடியும் விளிம்பிற் கொளுவி அளந்து பார்ப்பதே நம்பத்தக்க வழி.

இரண்டாவது கேள்வி வெப்பப்படி பற்றியது. இதற்குக் கைநூல் தரும் விடை தொடக்கமேயன்றி முடிவன்று. ஏனெனில் கைநூல் எழுதப்பட்டது புதிய இயந்திரத்துக்கு; அன்றைய பெற்றோலுக்கு; இங்கிலாந்தின் குளிருக்கும் அதன் நெடுஞ்சாலைகளுக்கும். எண்ணெய் குடிக்கும் வயதை அடைந்துவிட்ட இயந்திரம் திருநெல்வேலிச் சந்தைக்கும் வீட்டுக்குமிடையே மாத்திரம் ஓடும் நிலையை அதனை எழுதியோர் எண்ணிப்பார்த்திருத்தல் இயலாது.

வெப்பப்படி என்பது யாது? தகனத்தின்போது வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசைக் கடக்கும். பிளக்கின் நடுவே நிற்கும் வெண்ணிறக் காவலியின் மூக்கு அத்தீயில் நேரே நனைகின்றது. ஏற்ற வெப்பம் காவலியூடாகப் பிளக்கின் உலோக உடலுக்கும், அங்கிருந்து புரி, வாசர் ஆகியவற்றின் வழியே இயந்திரத் தலைக்கும், இறுதியாகச் சூழ்ந்தோடும் நீருக்கும் செல்லவேண்டும். மூக்கு நீண்டதாயின் வெப்பம் செல்லவேண்டிய வழியும் நீண்டது. ஆகவே மூக்கு சூடாகவே இருக்கும். அதனைச் சூடான பிளக் என்பர். மூக்குக் குறுகியதாயின் வெப்பம் விரைந்து கழியும். அது குளிர்ந்த பிளக். சூடான பிளக் இயந்திரத்தைச் சூடாக்கும் என்றும், வலிய பொறியைத் தரும் என்றும் பலர் கருதுகின்றனர். இரண்டும் தவறு. அது தன் மூக்கிலே சூட்டை வைத்திருப்பது, அவ்வளவே.

மூக்கின் வெப்பநிலை ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேலே நிற்குமாயின் அதிற் படியும் கரி தானே எரிந்து போகும். அதற்குக் கீழே விழுந்தாற் கரி தங்கும். கரி மின்னைக் கடத்துமாதலால், சுருளிலிருந்து வரும் உயர் அழுத்தம் இடைவெளியைத் தாவிப் பொறியாகாமல், கரிப்படலத்தின் வழியே சத்தமின்றி ஒழுகிவிடும். மறுபுறம், மூக்கு 850 பாகையளவிற்கு மேற் சென்றால் அது நெருப்புக் கொள்ளியாகிப் பொறி தோன்றுமுன்னரே கலவையைக் கொளுத்தும். பிஸ்ரன் மேலேறிக்கொண்டிருக்கையிலே தகனம் நிகழ்ந்து அதன் தலை உருகித் துளைபடுதல் இதன் விளைவு. இவ்விரண்டு எல்லைகளுக்குமிடையே மூக்கை நிறுத்துவதே தெரிவின் நோக்கம். இரு திசைப் பிழைகளும் சமமானவையல்ல என்பதையும் குறித்துக்கொள்க. பிளக் குளிர்ந்ததாயின் வண்டி வழியில் நிற்கும். சூடானதாயின் இயந்திரம் அழியும். ஐயமுள்ளவிடத்துக் குளிர்ந்த பக்கமே சாய்க.

ஈண்டு ஒரு கணக்கு மாணவர்க்குப் பயன்படும். நான்கடி இயந்திரத்தில் ஒவ்வொரு பிளக்கும் இரு சுற்றுக்கு ஒருமுறை பொறி தரும். 948 மொறிஸ் மைனர் உச்சக் கியரில் மணிக்கு 30 மைல் ஓடுகையில் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றுக்கள் சுற்றும். ஆகவே ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1000 முறை பொறி தருகின்றது. பன்னிரண்டு மைல் தூரப் பயணமொன்றில் 24,000 பொறிகள். அவற்றில் நூற்றிலொன்று தவறினாலும் ஓட்டுபவர் கால்வழியே அதனை உணர்வர்.

வெப்பப்படியைப் பிளக்கின் உடலிற் பொறித்த எண் குறிக்கும். துரதிட்டமாக உற்பத்தியாளர் இவ்விடயத்தில் ஒருமைப்படவில்லை. சாம்பியன், பொஷ் ஆகிய கம்பனிகளின் எண்கள் கூடக்கூடப் பிளக் சூடானது, யப்பானிய என்.ஜீ.கே., டென்சோ ஆகியவற்றின் எண்கள் கூடக்கூடக் குளிர்ந்தது. ஒரு பெட்டியில் 6 என்றிருந்ததை மற்றக் கம்பனியின் 7 ஆல் மாற்றி, "ஒரு படிதானே" என்று அமைதியடைவோர் எத்திசையிற் செல்கின்றோம் என்பதை அறியார். கம்பனிகள் வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணையைப் பாராமல் ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

948 இயந்திரத்துக்கு அன்றைய கைநூல் விதித்தது சாம்பியன் என்-5. என் என்ற எழுத்து 14 மில்லிமீற்றர் விட்டத்தையும் முக்கால் அங்குல நீளத்தையும் குறிக்கும். அரை அங்குல நீளத்துக்கு எல் என்பது குறி. இன்று இவ்வியந்திரங்களுக்குப் பரவலாக இடப்படுவன சாம்பியன் என்-9-வை-சீ, அல்லது என்.ஜீ.கே. பீ-பீ-6-ஈ-எஸ் என்பன. பின்னதில் முதலாவது பீ ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. அது 14 மில்லிமீற்றர் விட்டத்தைக் குறிப்பது. அடுத்தது பதினாறாம் எழுத்து. காவலியின் மூக்கு உலோக விளிம்பைக் கடந்து முன்னே நீண்டிருத்தலைக் குறிப்பது. 6 வெப்பப்படி. ஈ என்பது 19 மில்லிமீற்றர், அதாவது முக்கால் அங்குல நீளம். இவ்விடத்தில் ஈ-க்குப் பதிலாக எச் என்றிருந்தால் அது அரை அங்குலப் பிளக். ஓரெழுத்து வேறுபாடே முதலிற் கூறிய அழிவுக்கு வழிசெய்யும்.

சாம்பியனின் 5 ஐயும் 9 ஐயும் நோக்கி நான்கு படி சூடாகிவிட்டதென அஞ்சவேண்டியதில்லை. மூக்கின் அமைப்பே வேறு. முன்னீண்ட மூக்கு மெதுவான ஓட்டத்தில் விரைவாகச் சூடேறிக் கரியை எரித்துவிடும்; வேகமான ஓட்டத்தில் உள்ளே பாயும் குளிர்ந்த கலவை அதன்மேற் பட்டு அதனைத் தணிக்கும். சமதரையில், குறுந்தூரத்தில், அடிக்கடி நின்று நின்று செல்லும் நம்மூர் ஓட்டத்துக்கு இதனினும் உகந்தது இல்லையென்பது என் கருத்து. ஆயினும் பக்கவால்வு இயந்திரங்களில் மேலே இடம் குறுகியது. அங்கே முன்னீண்ட மூக்கை இடுமுன் இடைவெளியைச் சோதித்தே இடல்வேண்டும். பிளாற்றினம், இரிடியம் நுனியுடைய விலையுயர்ந்த பிளக்குகள் இவ்வியந்திரங்களுக்குத் தேவையற்றவை. அவற்றின் சிறப்பு நீண்ட ஆயுள். நாமோ பிளக்கை அடிக்கடி கழற்றிப் பார்க்கவேண்டிய இயந்திரத்தை வைத்திருக்கின்றோம்.

வெப்பப்படி பற்றிய இவ்விதிகள் அனைத்தையும் யாழ்ப்பாணம் ஒருமுறை பெருஞ்சோதனைக்கு உட்படுத்தியது. 1990 இன் பின் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் கிடைத்தற்கு அரிதாகவே, சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் குடாநாடெங்கும் பரவிற்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத துளிகள் பிளக்கை நனைக்கும். அரைகுறையாய் எரிந்தவை கரியாய்ப் படியும். எஞ்சியவை உருளைச் சுவர் வழியே இறங்கி அடித்தொட்டி எண்ணெயை நீர்க்கச் செய்யும். கரியைப் போக்கச் சூடான பிளக் வேண்டும். அதேவேளை மண்ணெண்ணெய் நெருக்கத்தின்போது தானே வெடித்துத் தட்டும் இயல்புடையது. தட்டலோ மூக்கின் சூட்டை மேலும் ஏற்றும். அதற்குக் குளிர்ந்த பிளக் வேண்டும். ஒரே எரிபொருள் இரு மாறான மருந்துகளை ஒருங்கே கேட்டது. நெருக்க விகிதம் 7.2 அளவினதாகிய ஏ-40 போன்ற வண்டிகள் இதனைப் பொறுத்தன, 8.3 உடைய 948 இயந்திரங்கள் தட்டித் தட்டித் துன்புற்றன. தீமூட்டும் நேரத்தைப் பின்தள்ளியும், பிளக்கைக் கழற்றிக் கழற்றித் துப்புரவாக்கியும் அக்கால மெக்கானிக்குகள் வண்டிகளை ஓடவைத்தமை, எந்தக் கைநூலிலும் எழுதப்படாத பொறியியல். நோயாளரையும் பிரசவத்துக்குரியோரையும் இரவிற் சுமந்து சென்றவை அவ்வண்டிகளே.

ஆனால் 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டுப் பெற்றோல் தாராளமாய் வந்தபோது, மண்ணெண்ணெய்க்கென இட்ட சூடான பிளக்கும் பின்தள்ளிய தீமூட்டல் நேரமும் சில வண்டிகளில் அப்படியே தங்கிவிட்டன. பழைய வண்டியொன்றைப் புதிதாய் வாங்குவோர் இவ்விரண்டையும் முதலிலே சோதித்தல் நன்று.

அதே 2002 இல் இலங்கையில் ஈயங் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. இதனாற் பிளக்கைப் பார்த்து நோயறியும் கலையும் மாறிற்று. பழைய நூல்கள் மூக்கு இளங்கபில நிறமாயிருத்தல் வேண்டுமென்று கூறும். அந்நிறத்துக்கு ஈயப்படிவும் ஒரு காரணம். ஈயமற்ற பெற்றோலில் நலமுடைய பிளக் வெளிறிய சாம்பல் நிறமாகவோ ஏறத்தாழ வெண்மையாகவோ இருக்கலாம். அதனைக் கண்டு கலவை மெலிந்ததென எண்ணிக் காபுரேற்றரைத் திருகி நோயில்லாதவிடத்து நோயை உண்டாக்குவோர் உளர். வெண்மை மட்டும் குற்றமன்று. மூக்கு பளபளத்துக் கொப்புளித்திருத்தலும், அதில் உலோக மணிகள் நுண்ணியவாய் ஒட்டியிருத்தலுமே ஆபத்தின் குறிகள். உலோக மணிகளைக் கண்டால் அன்றே வண்டியை நிறுத்துக. அவை பிஸ்ரனிலிருந்து வந்தவை.

பிளக்கைப் பார்ப்பதற்கும் முறையுண்டு. வீட்டு முற்றத்திற் சிறிதுநேரம் வெறுமனே ஓடவிட்டுக் கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகவே தோன்றும். வாகன நெரிசல் இல்லாத நேரான வீதியில் ஐந்தாறு மைல் ஓட்டி, நல்ல வேகத்திற் செல்லும்போதே சாவியை அணைத்துக் கிளச்சை மிதித்து, வண்டி தானே உருண்டு ஓரத்தில் நின்றபின் கழற்றுக. நான்கையும் உருளை ஒழுங்கில் ஒரு துணிமேல் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிடுக. இவ்வொப்பீடே முதன்மையானது. நான்கும் ஒரேவிதமாய் உலர்ந்த கரியோடிருந்தால் கலவை செறிந்தது, அல்லது பிளக் குளிர்ந்தது. ஒன்று மட்டும் வேறுபட்டால் குற்றம் பிளக்கின் படியிலன்று, அவ்வுருளையிலேயே உள்ளது. அவ்வொன்று எண்ணெயால் நனைந்து மினுங்கினால் றிங்கோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்துவிட்டது. மொறிஸ் மைனரின் மேல்வால்வு இயந்திரங்களில் நடுவிலுள்ள இரண்டாம் மூன்றாம் உருளைகள் ஒரே புகைவாயிலைப் பங்கிடுவன. ஆதலால் அவை இரண்டும் ஓரத்தவற்றினும் சிறிது சூடேறிய தோற்றம் காட்டுதல் இயல்பே.

எண்ணெய் நனைக்கும் உருளைக்கு ஒரு படி சூடான பிளக்கை இட்டு ஓட்டுதல் நம் கராச்சுகளில் நெடுங்கால வழக்கம். குறைந்த நெருக்கமுடைய இயந்திரத்தில், குறுந்தூர ஓட்டத்துக்கு, ஒரு படி மட்டும் எனில் இதனை நான் மறுக்கவில்லை. றிங் மாற்றும் செலவு எல்லார்க்கும் இயன்றதன்று. இரண்டு மூன்று படிகள் ஏற்றிவிட்டு அவ்வண்டியிற் குடும்பத்தோடு கொழும்புக்குப் புறப்படுதலோ முற்றாக மறுக்கத்தக்கது. சந்தைக்குச் செல்கையில் மூக்கைத் துப்புரவாய் வைத்த அதே சூடு, மணிக்கணக்கான வேக ஓட்டத்திற் பிஸ்ரனைத் துளைக்கும்.

சிலவேளை பிளக்கின்மேற் சுமத்தப்படும் பழி வேறிடத்துக்கு உரியது. அடிக்கடி பிளக் மாற்றியும் காலையில் எழும்ப மறுத்த வண்டியொன்றை நானறிவேன். இப்பிரித்தானிய வண்டிகள் பற்றறியின் நேர்முனை உடலோடு தொடுக்கப்பட்டனவாக வந்தன. வானொலி முதலியன பூட்டுதற்காகப் பலர் அதனை எதிர்முனைத் தொடுப்பாய் மாற்றினர். அப்போது சுருளின் இரு சிறு கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டுமென்பதை மறந்தனர். பொறி எப்போதும் பிளக்கின் நடு மின்வாயிலிருந்து புறப்படும் எதிர்மின்னாக இருத்தல் வேண்டும். ஏனெனில் சூடான மின்வாயிலிருந்து இலத்திரன்கள் எளிதில் வெளிப்படும். திசை மாறினால் அதே இடைவெளியைத் தாவ மேலும் உயர்ந்த அழுத்தம் தேவைப்படும். தளர்ந்த பற்றறியோடு காலையில் அது கிடையாது. கழற்றிய பிளக்கிற் பக்க மின்வாய் கிண்ணம்போற் குழிந்திருந்தால் இதுவே காரணமென ஐயுறுக. உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை: காவலியிட்ட இடுக்கியாற் பிளக் கம்பியைச் சற்றே தூக்கிப்பிடித்து, கூராக்கிய பென்சிலின் கரிநுனியை அவ்விடைவெளியில், உலர்ந்த மரப்பிடி வழியே, நீட்டுக. பொறியின் சுடர் பிளக் இருக்கும் பக்கம் விரிந்தாற் சரி. கம்பியின் பக்கம் விரிந்தாற் சுருளின் கம்பிகளை மாற்றுக. பல்லாயிரம் உவோற்று அழுத்தமாதலால் மாணவர் இதனைத் தனியே செய்யலாகாது.

புதிய பிளக்கைப் பூட்டுமுன் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கு, அதாவது 0.64 மில்லிமீற்றருக்கு, அமைத்துக்கொள்க. பெட்டியில் வந்தபடியே இருப்பது நவீன வண்டிக்குரிய இடைவெளியாகவும் இருக்கலாம். பக்க மின்வாயை மட்டும் வளைக்கவேண்டும். நடுவிலுள்ளதைத் தொட்டாற் காவலி வெடிக்கும். பழைய பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்தல் தகாது. தூரிகையின் உலோகம் காவலியிற் கோடிட்டுப் பொறிக்குக் குறுக்குவழி சமைக்கும். கழற்றுமுன் பிளக்கைச் சூழ்ந்த மணலை ஊதிப் போக்குக. நம்மூர்த் தூசு உருளைக்குள் வீழ்ந்தால் றிங்குக்கு அது அரம்.

பூட்டும்போது நான்கங்குல நீளமுள்ள றப்பர்க் குழாய்த் துண்டொன்றைப் பிளக்கின் தலையிற் செருகி அக்குழாயாலேயே திருகுக. புரி கோணினாற் குழாய் வழுக்குமேயன்றிப் புரியைக் கெடுக்காது. கையிறுக்கம் முடிந்தபின், புதிய வாசராயின் சாவியால் அரைச் சுற்று, முன்னர் நசுங்கிய வாசராயின் அதனினும் மிகக் குறைவு. வாசர் நன்கு அமராவிடின் வெப்பம் வெளியேறும் வழி அடைபட்டு, சரியான எண்ணுள்ள பிளக்கும் சூடான பிளக்காகவே நடந்துகொள்ளும். முந்நூறு மைல் ஓடியபின் நான்கையும் மீண்டும் கழற்றித் துணிமேல் வரிசையாய் வைத்துப் பார்க்க.